முத்துமாரி தூங்கி எழும்வரை

என் பழைய போனில் மாலையும் கழுத்துமாக நிற்கும் ஜோடிகளின் படங்கள் கொள்ளை கொள்ளையாக இருக்கின்றன. பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த முதல் வாரம் என் மகன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இது போலீஸ்காரி போனா, போட்டோ ஸ்டுடியோவா? அழிச்சுவிடு, ஹேங் ஆகுது" என்றான். அழிக்கவில்லை. அத்தனை பேரும் நான் வேலை பார்த்த மகளிர் காவல் நிலையத்தின் படியேறி வந்தவர்கள். பாதிப் பேருக்கு மாலை எடுத்துக் கொடுத்ததே நான்தான். திருச்சுழி, பரளச்சி, நரிக்குடி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் 'கல்யாண ஏட்டம்மா' என்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். சார்பு ஆய்வாளராகி வருஷக்கணக்கான பிறகும் அந்த ஏட்டம்மா என்னை விட்டுப் போகவில்லை.

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். சட்டப் பிரிவெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், படித்த பிள்ளைகள். என்னிடம் இருப்பது நான் செய்த தப்புகள். அதில் பெரியதாக ஒன்றைச் சொல்கிறேன். எந்த நிலையத்தில் நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே இப்போது இருப்பவர்கள் தங்கமான பெண்கள். பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். காதல் விவகாரம் என்று யார் படியேறினாலும் எங்களிடம் இரண்டே வழிதான். கட்டிவைப்பது, இல்லையென்றால் பிரித்து எழுதி வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டோடு அனுப்புவது. சட்டத்தில் அப்படி ஒரு வேலையே நமக்குக் கிடையாது. ஆனால் உயிருக்குப் பயந்து ஓடிவரும் ஜோடியை வாசலில் நிறுத்தி வைத்துச் சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது. வயதுச் சான்றைப் பார்ப்பேன். இரண்டு வீட்டுக்கும் போன் போடுவேன். கத்துகிறவர்களைக் கத்தவிட்டு, பிறகு ஆளை அனுப்பி மாலை வாங்கிவரச் சொல்வேன். அதனால் யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "கட்டிக்கிறியா?" அந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி மற்றவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். இழுத்து வந்தவள் ரகமத். வந்தவள் முத்துமாரி. இருபது வயது. இரண்டு பேரும் ஒரே ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர்கள். முத்துமாரியின் கன்னத்தில் விரல் தடம் இன்னும் தெரிந்தது. வலது மணிக்கட்டு வீங்கி, கைக்குட்டையால் கட்டியிருந்தது.

"அக்கா, நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல அம்புட்டுப் பேரு பாக்க அறைஞ்சான்க்கா. கைய முறுக்கிட்டான். ஒரு ஆளு ஏன்னு கேக்கல" என்றாள் ரகமத். அவளுக்குத்தான் அழுகை வந்தது.

"யாரு அறைஞ்சது?"

"இவ ஆளுதான்க்கா. ரெண்டு வருசமாப் பேசுறாக. செல்போன் கடையில வேலை பாக்கான்."

நான் முத்துமாரியைப் பார்த்தேன். "என்னடா நடந்துச்சு?"

"சண்டைதான்க்கா" என்றாள். "எம்மேலயும் தப்பு இருக்கு."

என்ன தப்பு என்று நான் கேட்டிருக்க வேண்டும் இல்லையா? கேட்கவில்லை. எனக்குள் கோப்பு தயாராகிவிட்டது. இரண்டு வருஷப் பழக்கம், ஊர் பார்க்க அடி, பெண் பெயர் கெட்டுவிட்டது, பையன் ஓடிவிடுவதற்குள் பிடிக்க வேண்டும். "சரி, கட்டிக்கிறியா அவன?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனை பெண்கள் என் முன்னால் அப்படிக் குனிந்திருக்கிறார்கள்! வெட்கப்படுகிறாள் என்று முடிவு செய்தேன். ரகமத் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ கடைக்குப் போம்மா, பண்டிகை நேரம், மொதலாளி ஏசுவாரு. நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளையைப் பேச விட்டிருந்தால் பாதி வேலை அப்போதே முடிந்திருக்கும்.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் பையன் வந்தான். இருபத்து மூன்று வயது, பளிச்சென்று சட்டை, பார்க்க நல்ல பிள்ளை. வந்ததும் என் காலில் விழுந்தான். "அம்மா, அவ இல்லாம நான் செத்துருவேம்மா. பாசத்துலதாம்மா கை நீட்டிட்டேன். இன்னைக்கே கட்டச் சொல்லுங்க, கட்டிக்கிறேன்" என்று தேம்பித் தேம்பி அழுதான். நாலு வார்த்தை நன்றாக ஏசினேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. அழுது களைத்துப்போய் இருக்கிறானே என்று டீ வாங்கி வரச் சொல்லி, பக்கத்து அறையில் உட்கார வைத்தேன். முத்துமாரி என் அறையில். நடுவில் ஒரு சுவர்.

பதினொரு மணிக்குள் இரண்டு குடும்பமும் வந்துவிட்டது. முத்துமாரியின் அப்பாவும் அம்மாவும் பரளச்சிக்கு உள்ளே ஒரு ஊரிலிருந்து பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். கொத்தமல்லி விதைத்துவிட்டு வானம் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பம். அவள் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"தாயி, பஸ் ஸ்டாண்டுல வச்சு அடிச்சிருக்கான். எங்க ஊரு பஸ்ஸுல வந்தவுக எல்லாரும் பாத்துருக்காக. இனிமே எம்பிள்ளைய எவன் கேட்டு வருவான்? கையப் புடிச்சவன் கையிலயே குடுத்துருங்க."

அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினாள். பையனுடைய அம்மா மட்டும் ஒன்றும் பேசவில்லை. ஒல்லியான பெண். நிலைய வாசலில் போட்டிருந்த தகரக் கொட்டகையின் ஓரத்தில் சுவரை ஒட்டி, இடத்தைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வீடும் ஒரே சாதி வேறு. அடேயப்பா, எனக்கு இதைவிட லேசான விவகாரம் வந்ததே இல்லை. ஆய்வாளர் அம்மா பண்டிகைப் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். போனில் கேட்டேன். "நல்லபடியா முடிச்சு அனுப்பிருங்க, இங்க ஆள் பத்தல" என்றார். ஒரு பெண் காவலரை மாலை வாங்க அனுப்பினேன்.

மாலை வரும்வரை நானும் முத்துமாரியும் என் அறையில் இருந்தோம். அவள் போனில் ஏதோ செய்தி வந்தது. இடது கையால் போனை எடுத்து, ஜன்னலைப் பார்த்து ஒரு படம் எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி. இந்த முறை சுவர்க் கடிகாரம். எனக்குள் சிரிப்பு. கல்யாணத்தன்று நடந்ததை எல்லாம் படம் பிடித்து வைக்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். மூன்றாவது முறை போன் என் பக்கம் திரும்பியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சிரித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"நல்லா விழுந்துச்சா? யாருக்கு அனுப்புற, ரகமத்துக்கா?"

"இல்லக்கா. அவனுக்கு."

"எவனுக்கு?"

"அவனுக்குத்தான்க்கா."

"ஏம்மா, அவன் அடுத்த ரூம்லதான இருக்கான்!"

"தெரியும்க்கா" என்றாள், ஒரு விசேஷமும் இல்லாத குரலில். "பக்கத்துல யாரு இருக்கான்னு கேட்டான். ஆம்பளப் போலீஸ் யாரும் இருக்காகளான்னு கேட்டான். அதான் ஒங்களப் புடிச்சு அனுப்பிச்சேன்."

போனைக் கேட்டேன், கொடுத்தாள். மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. பஸ் ஜன்னல். பில் போடும் மேசை. டிபன் பாக்ஸ். வீட்டு அடுப்படி. கடையின் கழிப்பறைக் கதவு, உள்பக்கத்திலிருந்து. தலையணை, பக்கத்தில் கடிகாரம். ஒவ்வொரு படத்துக்கு மேலேயும் அவனுடைய ஒரு வார்த்தை. எங்க. யாரு. நேரம் தெரியிற மாதிரி எடு. கடைசி அரை மணி நேரத்தில் மட்டும் அவனிடமிருந்து ஐந்து செய்தி வந்திருந்தது. அதில் ஒன்று, "ஏன் லேட்டு." இரண்டு நிமிஷம் தாமதித்திருக்கிறாள். நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அதை அனுப்பியிருக்கிறான்.

"எம்மேலயும் தப்பு இருக்குன்னு சொன்னியே, என்ன தப்பு?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"நேத்து கடையில கூட்டம்க்கா. நாப்பது நிமிசம் அனுப்ப முடியல."

வாசலில் மாலை வந்து இறங்கும் சத்தம் கேட்டது. அத்தனை ஜோடிகளுக்கு நடுவில் நின்றவள், கத்தியோடு வந்த சித்தப்பன்களைப் பார்த்தும் அசையாதவள், அன்றைக்கு ஆடிப்போனேன். அந்த ஆட்டத்தில் இரண்டாவது தப்பையும் செய்தேன். குரலை உயர்த்தி, "இந்தப் பய ஒனக்கு வேணாம். வேணாம்னு சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன். சொல்லு!" என்றேன்.

முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் "கட்டிக்கிறியா" என்று கேட்டபோது குனிந்த அதே மாதிரி, அதே அளவு.

தங்கச்சிகளா, அந்தக் குனிவைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. யார் எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து வருவது அதுதான். அவன் உத்தரவு போட்டான், அப்பா போட்டார், இப்போது நானும் போடுகிறேன். அவளுக்கு நல்லது என்று நினைத்துப் போட்டாலும் உத்தரவு உத்தரவுதானே? நான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். தொப்பியைக் கழற்றி வைத்தேன். கல்யாணம், கம்ப்ளெய்ண்டு இரண்டையும் விட்டுவிட்டு வேறு கேட்டேன்.

"ஒனக்கு இப்ப என்னடா வேணும்? இப்ப, இந்த நிமிசம்."

ரொம்ப நேரம் யோசித்தாள். அவளை அப்படி யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருக்க வேண்டும்.

"தூங்கணும்க்கா" என்றாள்.

இரவெல்லாம் வீடியோ கால் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டுமாம். போனைத் தலைமாட்டில் சாத்தி வைக்க வேண்டும். அவள் புரண்டு படுத்தால், "யாரு அங்க?" என்று சத்தம் வருமாம். எத்தனை மாதமாக என்று கேட்டேன். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"வா, தூங்கு. போன எங்கிட்டக் குடுத்துரு."

"எடுக்கலன்னா கோவிச்சுக்குவான்க்கா."

"கோவிக்கட்டும். இன்னைக்கு ஒரு நாளு அவன் கோவத்த நான் வாங்கிக்கிறேன்."

பின்னால் எங்கள் ஓய்வறை இருக்கிறது. சின்ன அறை, சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் யூனிபார்ம். பாயை விரித்து என் தலையணையைப் போட்டேன். படுத்தவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு நான் திரும்புவதற்குள் தூங்கிப்போயிருந்தாள். கதவைச் சாத்தி, வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வாசலில் இருந்தவர்களிடம், "பிள்ள தூங்குது, எந்திரிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். அவள் அப்பா உள்ளே வந்துவிட்டார்.

"தூங்குறாளா? மாலைய வாங்கி வச்சுக்கிட்டுத் தூங்குறாளா?"

"ஆமாண்ணே. அவ எந்திரிச்சு அவ வாயால சொல்லாம இங்க ஒண்ணும் நடக்காது."

"தாயி, நல்ல நேரம் போகுது. நாங்க சாயங்கால பஸ்ஸப் புடிக்கணும். ஆடு பட்டியில கெடக்கு."

"அடுத்த பஸ்ஸு இருக்குண்ணே. ஒக்காருங்க."

முறைத்தார். அவர் முறைத்ததில் நியாயம் இருந்தது. காலையில் மாலை வாங்க ஆள் அனுப்பியவளும் நான்தானே. ஆய்வாளர் அம்மா ஒரு முறை கூப்பிட்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். "பொண்ணு தூங்குறாங்கம்மா" என்றேன். "என்னவோ செய்யிங்க" என்று வைத்துவிட்டார். என் மீது கோபம் என்று புரிந்தது. சில நாட்களில் இதையெல்லாம் தாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் நம் வேலை. அதற்குப் பயிற்சிப் பள்ளியில் அணிவகுப்பு கிடையாது.

முத்துமாரியின் போனை, உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிகிற மாதிரி, என் மேசையில் வைத்திருந்தேன். அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, ரிஜிஸ்டரில் முட்டி நின்றது. நின்ற இடத்திலும் அதிர்ந்தது. ஒரு மணி வாக்கில் பையன் என்னிடம் வந்து, பணிவாக, "அவட்ட ஒரு வார்த்த பேசிக்கிறேம்மா" என்றான். தூங்குகிறாள் என்றேன். ஒன்றரைக்கு மறுபடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துர்றேம்மா. உள்ள யாரு இருக்கா?" என்றான். யாருமில்லை என்றேன். நம்பவில்லை. இரண்டு மணிக்கு மேல் கேட்கவே இல்லை. விறுவிறுவென்று வந்து, என்னைத் தாண்டிக் கதவை எட்டி உதைத்தான்.

"என்னடி தூக்கம் ஒனக்கு? எந்திரிடி! எவன்டி இருக்கான் உள்ள?"

காலையில் என் காலைப் பிடித்து அழுத அதே வாய். கையை ஓங்கிக்கொண்டு இரண்டாவது உதை விட்டான். நான் குறுக்கே நின்றேன், இரண்டு பெண் காவலர்கள் வந்து அவனைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். சத்தம் கேட்டு இரண்டு குடும்பமும் உள்ளே ஓடி வந்துவிட்டது. அப்போது ஒன்று நடந்தது. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அவன் ஓங்கிய கையைப் பார்த்ததும், கூட்டத்துக்குப் பின்னால் வாசலோரம் நின்ற அவன் அம்மா, சட்டென்று இரண்டு கைகளையும் தூக்கித் தன் முகத்தை மூடிக்கொண்டாள். அவளை யாரும் அடிக்கவில்லை. அவள் பக்கத்தில் யாருமே இல்லை. கை தானாகப் போனது. எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தோம். அவனும் பார்த்தான். அவள் மெல்லக் கையை இறக்கினாள், சேலையைச் சரிசெய்துகொண்டாள், நேரே முத்துமாரியின் அப்பாவிடம் வந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் அவள் குரலைக் கேட்கிறோம்.

"அண்ணே, ஒங்க பிள்ளையக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. எனக்குப் பொட்டப் பிள்ள இல்ல. இருந்தா இவன மாதிரி ஒருத்தனுக்குக் குடுக்க மாட்டேன்."

"எம்மா!" என்றான் அவன்.

"நீ பேசாத. ஒங்கப்பன் பேச்ச இருவத்தஞ்சு வருசமாக் கேட்டாச்சு. ஒம்பேச்சக் கேக்க இன்னொருத்தி வேணாம்."

அவன் அப்படியே தொய்ந்துபோனான். அந்த நேரத்தில் அவனைப் பார்க்கவும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, மறைக்கமாட்டேன். முத்துமாரியின் அப்பா தரையிலேயே உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "நான்தான தாயி, கையிலயே குடுத்துருங்கன்னு சொன்னேன். நான்தான சொன்னேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "நானுந்தாண்ணே மாலை வாங்குனேன்" என்றேன்.

இவ்வளவு சத்தத்திலும் முத்துமாரி எழவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு தூக்கம்.

மூன்றரை மணிக்குத்தான் எழுந்தாள். எழுந்ததும் அவள் கை முதலில் பாயைத் துழாவியது, போனுக்காக. அப்புறம் வாசலில் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவர் கல்யாணம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வீட்டுக்குப் போவமா தாயி?" என்று மட்டும் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாயை நான் அடக்கியது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

"போறேன்க்கா" என்றாள். தலை நிமிர்ந்துதான் இருந்தது.

கைக்கு மருத்துவமனையில் கட்டுப் போட்டு அனுப்பினோம். ஸ்டேஷனில் அவன் செய்ததற்கு அவன் மீது நடவடிக்கை எடுத்தேன். ஆனால் தன் தரப்பில் புகார் தர முத்துமாரி அன்றைக்குத் தயாராக இல்லை. நான் வற்புறுத்தவில்லை. மாலை இரண்டையும் பெண் காவலர் கோயிலில் சாமிக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

இதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பதினோராம் நாள் போன் செய்தாள். "அக்கா, அவன்ட்டப் பேசிட்டேன்க்கா" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் போனுக்குள்ளேயே கையை விட்டு ஒரு குட்டு வைத்திருப்பேன். அடக்கிக்கொண்டு, "பேசிட்டுத் தூங்குனியா?" என்று கேட்டேன். "இல்லக்கா" என்று சொல்லி அழுதாள். மறுநாள் காலை அவள் அப்பா ஒரு பக்கம், ரகமத் ஒரு பக்கம் வர, தானே வந்து, தன் கையெழுத்தில் புகார் எழுதிக் கொடுத்தாள். வலது மணிக்கட்டு சரியாகாததால் எழுத்து கோணலாக இருந்தது. நான் வாங்கிய புகார்களில் அதைப் போல நிதானமாக எழுதப்பட்டது வேறில்லை.

அதன் பிறகு ஒருநாள் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். கழுத்தில் நகக்கீறல். கூடப் படிக்கும் பெண்ணோடு பழக்கமாம், அவள்தான் கீறினாளாம். போனைக் காட்டாவிட்டால் கையை அறுத்துக்கொள்வேன் என்று மிரட்டுகிறாளாம். மகளிர் ஸ்டேஷனில் ஆம்பளைப் பையன் வந்து அழுதால் என்ன நடக்கும்? எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். முன்பாக இருந்திருந்தால் நான்தான் முதலில் சிரித்திருப்பேன், "ஏலே, மீசை மொளைச்சிருக்குல்ல?" என்று கேட்டும் இருப்பேன். ஆனால் அவன் போனை இரண்டு உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்த விதம் எனக்குத் தெரிந்த விதம். "தம்பி, தூங்கி எத்தன நாளாச்சு?" என்றேன். பொலபொலவென்று உதிர்ந்துவிட்டான். நம்மிடம் வருகிறவர்களில் அடிவாங்குவது பெரும்பாலும் பெண்பிள்ளைகள்தான், அதில் சந்தேகமே வேண்டாம். அதற்காக அடிபட்டவனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தீபாவளி முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, என் போனில் இருந்த ஜோடிப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எத்தனை பெண்கள் தலை குனிந்து நிற்கிறார்கள்! எல்லாமே வெட்கம் என்று நினைத்துத்தான் படம் எடுத்திருந்தேன். எண் இருந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். பெரும்பாலும் நன்றாகவே இருந்தார்கள். பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே என்னோடு பேசினார்கள், வீட்டுக்கு வரச் சொன்னார்கள். ஒருத்தி மட்டும், "நல்லா இருக்கேன்க்கா" என்று சொல்லி, நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் வைத்துவிட்டாள். பின்னால் ஒரு ஆண் குரல், யாரு என்று கேட்டது. அவளை நான்தான் கட்டிவைத்தேன். தேடிப் போய்ப் பார்த்தும் வந்தேன். கதவோரம் நின்று சிரித்தாள். அந்தக் கணக்கு இன்னும் என் நெஞ்சில்தான் கிடக்கிறது.

முத்துமாரிக்கு வருகிறேன். ஸ்டேஷனில் தூங்கி எழுந்த அன்று சாயங்காலம் அவளைப் பஸ் ஏற்றும்போது, "வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு தகவல் சொல்லுடா" என்று சொல்லியிருந்தேன். ஆறு மணிக்கு என் போனில் ஒரு படம் வந்தது. அவள் வீட்டு வாசல். இரண்டாவதாகச் சுவர்க் கடிகாரம், நேரம் தெரிகிற மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. நானும் அவளிடம் கணக்குக் கேட்கிறவளாகிவிட்டேனே! எனக்கு வேகமாக எழுத வராது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, "படம் வேண்டாம் தாயி. நீ சொன்னாலே போதும்" என்று அனுப்பினேன்.

அப்படியும் படம்தான் வந்தது. கடைக்குப் போனால் பில் மேசை, திரும்பினால் பஸ் ஜன்னல், வீட்டுக்கு வந்தால் கடிகாரம். நான் கேட்கவே மாட்டேன், ஆனாலும் வரும். வாரக்கணக்கில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் சளைக்காமல் அதே பதிலைத்தான் அனுப்பினேன். நீ சொன்னாலே போதும்.

தை மாதம் ஒருநாள் திருச்சுழியில் கோயில் பந்தோபஸ்து. பஸ் நிறுத்தத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்கிறேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். "வீட்டுக்கு வந்துட்டேன்க்கா" என்று எழுதியிருந்தாள். பின்னால் படம் வரும் என்று போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். ஒரு பஸ் போனது, அடுத்த பஸ்ஸும் போனது. யூனிபார்மில் நின்று அழக் கூடாது என்பார்கள், நான் அழுதேன். படம் எதுவும் வரவில்லை.